லூயி பாஸ்டரும் அவர்தம் இல்லத்தாரும்

பெரியோர் வரலாறுகளை எழுதப் புகுவோர் அவர்கள் வென்ற களங்களையும் பெற்ற சிறப்புக்களையும் விரித்துரைத்து, அவர்கள் வீழ்ந்து கிடந்த நாட்களை இரண்டொரு வரிகளிற் கூறிக் கடந்துவிடுதல் வழக்கம். வென்றவனை உலகம் காண்கின்றது; வீழ்ந்தவனை அவன் வீட்டார் மட்டுமே காண்கின்றனர். ஆதலின் அந்நாட்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலே போகின்றது. பிரான்சு தேசத்து விஞ்ஞானியாகிய லூயி பாஸ்டரின் வாழ்வில் அங்ஙனம் விரைந்து கடக்கப்படுவதாகிய ஒரு பகுதியையே யாம் ஈண்டு எடுத்துக்கொண்டோம். நாற்பத்தைந்தாம் வயதிற் பக்கவாதத்தால் வீழ்ந்த தந்தையொருவரை அவர் மனைவியும் மக்களும் மாணாக்கரும் எவ்வாறு தாங்கி எழுப்பினர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இளமையும் இல்லறமும்

பாஸ்டர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் தோல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் படையிற் பணியாற்றி மீண்டவர். பின்னர்த் தோல் பதனிட்டு வாழ்ந்தவர். குடும்பம் ஆர்புவா என்னும் ஊரிற் குடியேறவே, பதனிடும் தொட்டிகளின் அருகே ஓடிய ஆற்றங்கரையில் பாஸ்டரின் பிள்ளைப் பருவம் கழிந்தது. பொருள் மிகுதியாக இல்லை. ஆயினும் மகனைக் கற்பிக்கவேண்டும் என்னும் உறுதி தந்தைக்கு இருந்தது. அவ்வுறுதி வீண்போகவில்லை. 1848-ஆம் ஆண்டிலேயே, திராட்சரசப் பீப்பாய்களிற் படியும் ஒருவகை அமிலத்தின் உப்புப் படிகங்களை ஆராய்ந்து, ஒன்றுபோல் தோன்றுவன உண்மையில் வலக்கையும் இடக்கையும்போல் இருவகைப்பட்டன என்று காட்டி, இளமையிலேயே அறிஞர் அவையில் இடம்பெற்றார்.

அடுத்த ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள், ஸ்திராஸ்புர்க்கு நகரத்துக் கல்வித்துறைத் தலைவரின் மகளாகிய மாரி லோரான் அம்மையாரை மணந்தார். நம் வள்ளுவப் பெருந்தகை வாழ்க்கைத் துணைநலம் என ஓர் அதிகாரம் வகுத்தமைத்தார் அன்றோ? அத்தலைப்பிற்கு மேனாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வேண்டுவார் இவ்வம்மையாரைக் காட்டலாம். கணவர் சொல்லச் சொல்ல எழுதினார், எழுதியவற்றைப் படியெடுத்தார், அவர் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும்போது வாய்திறவாதிருக்கவும் கற்றார். கத்தோலிக்க சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அவர், தம் பற்றைப் பறைசாற்றியவர் அல்லர்; வீட்டு வேலைகளினூடே அதனை வாழ்ந்து காட்டியவர்.

இவர்கட்கு மக்கள் ஐவர் பிறந்தனர்: பெண்கள் நால்வர், ஆண் ஒருவன். அவருள் மூவரைத் தாயும் தந்தையும் தம் கைகளாலேயே அடக்கம் செய்ய நேர்ந்தது. மூத்தவளாகிய ழான் 1859-இல் ஒன்பது வயதில் டைபாய்டுக் காய்ச்சலால் இறந்தாள். 1865 ஜூனில் பாஸ்டரின் தந்தையார் காலமானார். அவ்வாண்டு செப்டம்பரில், இரண்டு வயதுக் குழந்தை கமீல் இறந்தது. மறு ஆண்டு மே மாதத்தில், தந்தை தெற்கே பட்டுப்புழு ஆராய்ச்சியில் இருக்க, அவரிடம் செல்லும் வழியில் ஷாம்பெரி என்னும் ஊரில் நோயுற்ற பன்னிரண்டு வயது செசில், அவ்வூரிலேயே உயிர் நீத்தாள். எஞ்சியவர் ழான் பாப்டிஸ்ட் என்னும் மகனும், மாரி லுயீஸ் என்னும் மகளுமே.

இத்துயரங்களை யாம் கணக்கெடுத்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பின்வரும் நிகழ்ச்சியில் இக்குடும்பத்தாரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசப்போகின்றோம். கேட்டவையெல்லாம் கிடைக்கப்பெற்றவரின் விசுவாசம் அன்று அது. மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் வெறுங்கையராய்த் திரும்பியவரின் விசுவாசம். இவ்வேறுபாட்டை உணராதார்க்கு இவ்வரலாறு விளங்காது.

பட்டுப்புழுவின் நோய்

அக்காலத்துத் தென்பிரான்சில் பட்டுத்தொழில் அழிவுநிலையில் இருந்தது. புழுக்களின் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோற் கரும்புள்ளிகள் தோன்றும், இலை தின்னா, கூடு கட்டா, கூட்டங்கூட்டமாக இறக்கும். ஆயிரக்கணக்கான உழவர் குடும்பங்கள் வறுமையில் வீழ்ந்தன. பாஸ்டரின் ஆசிரியராகிய தூமா என்பவர், இந்நோயை ஆராய்க என 1865-இல் அவரை வேண்டினார். பட்டுப்புழுவைத் தொட்டும் அறியாத பாஸ்டர், ஆசிரியர் சொல்லைத் தட்டமாட்டாது அலே என்னும் ஊருக்குப் புறப்பட்டார்.

ஆண்டுதோறும் இளவேனிற்காலத்தில் அங்குச் செல்வதாயிற்று. மாரி அம்மையாரும் சிறுமி மாரி லுயீசும் உடன் சென்று, முசுக்கட்டை இலை பறித்துப் புழு வளர்க்கக் கற்றனர். நீண்ட ஆராய்ச்சியின் முடிவில் பாஸ்டர் கண்ட வழி எளியது. முட்டையிட்ட தாய்ப் பூச்சியை நீர்விட்டு அரைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்குதல். நோயின் நுண்பொருள்கள் காணப்படின் அதன் முட்டைகளை எரித்துவிடுதல். காணப்படாவிடின் அவற்றை வளர்ப்பிற்குக் கொள்ளுதல். இவ்வளவே. இம்முறை நம் நாட்டுப் பட்டு முட்டை உற்பத்தி நிலையங்களில் இன்றும் கையாளப்படுகின்றது. ஆனால் அந்நாளில் முட்டை வணிகர் பலர் அதனை எள்ளி நகையாடினர். வேறொரு நோயும் உடன் கலந்திருந்தமையால் ஐயங்கள் எழுந்தன. அவற்றுக்கு விடையளிக்க வேண்டிய தறுவாயிலேதான் இடி வீழ்ந்தது.

1868 அக்டோபர் 19

அன்று திங்கட்கிழமை. காலையிலேயே பாஸ்டருக்கு இடப்பக்கம் மரத்து, ஒருவகை நடுக்கமும் கண்டது. ஆயினும் இத்தாலிய அறிஞர் ஒருவர், பட்டுப்புழுவைப் பற்றிய தம் முடிவுகளை உறுதிசெய்து எழுதிய கட்டுரையை அன்று பிற்பகல் விஞ்ஞானக் கழகத்திற் படிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே நிற்க மனம் வரவில்லை. தடுத்தாற் கேளார் என்பதை மாரி அம்மையார் அறிவார். தமக்கும் அப்பக்கம் ஒரு வேலை உண்டெனச் சொல்லிக் கழகத்தின் வாயில்வரை உடன் நடந்தார். அங்கே முதிய பேராசிரியர் பலார் அவர்களைக் கண்டு, கூட்டம் முடிந்ததும் கணவரைத் தனியே விடாது வீடுவரை கொண்டுவந்து சேர்க்கும்படி மெல்லக் கேட்டுக்கொண்டார். இச்சிறு செயலை யாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. தடுக்க இயலாதவிடத்துப் பின்தொடர்தலும், பின்தொடர இயலாதவிடத்துப் பிறர் கையில் ஒப்புவித்தலும் அன்பின் இலக்கணம் போலும்!

பாஸ்டர் வழக்கம்போல் தெளிந்த குரலில் கட்டுரையைப் படித்தார். பலாரும் மற்றொரு நண்பரும் அவரை வீடு சேர்த்தனர். இரவு உணவு கொண்டு ஒன்பது மணியளவிற் படுக்கச் சென்றார். படுத்தவுடன் காலையிற் கண்ட குறிகள் மிகுந்தன. பேச முயன்றார், நா எழவில்லை. சிறிது நேரத்திற்குப் பின்னரே உதவிக்குக் கூப்பிட முடிந்தது. மருத்துவர் விரைந்து வந்தார். இரவு முழுதும் பேச்சும் அசைவும் வருவதும் போவதுமாக இருந்தன. முடிவில் இடக்கையும் இடக்காலும் முற்றும் செயலற்றன. காதுகளின் பின்னே பதினாறு அட்டைகள் விடப்பட்டன. மூளையில் இரத்தக் கசிவு என்பது மருத்துவர் கருத்து. அக்காலத்து மருத்துவத்திற்கு அதற்குமேற் செய்யத் தெரியாது; காத்திருத்தல் ஒன்றே எஞ்சியது.

மாரி அம்மையார் படுக்கையின் அருகிருந்தார். மாணாக்கரும் நண்பரும் இரவுக்காவலைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். மகனுக்கு அப்போது வயது பதினாறு, மகளுக்குப் பத்து. மூன்று உடன்பிறந்தாரை இழந்த அவ்விருவரும் இப்போது தந்தையின் அறைவாயிலில் நின்றனர். பாரிசு நகரத்து அறிஞர் உலகமோ பாஸ்டர் இனிப் பிழையார் என்றே முடிவு கட்டிவிட்டது.

எழுந்த வகை

உடலிற் பாதி உயிரற்றதுபோற் கிடந்தபோதும் அறிவு மழுங்கவில்லை. நோயுற்ற ஒரு வாரத்திற்குள், ஓர் இரவில், காவலிருந்த மாணாக்கர் ழெர்னேயை அழைத்துப் பட்டுப்புழு நோயைப் பற்றிய குறிப்பொன்றைச் சொல்லிவந்தார், அவர் எழுதிக்கொண்டார். அக்டோபர் 26-ஆம் நாட் கூட்டத்தில் தூமா அதனைக் கழகத்திற் படித்தார். இறந்துகொண்டிருக்கின்றார் என்று எண்ணப்பட்டவரிடமிருந்து அத்துணைத் தெளிவான குறிப்பு வந்தமை கண்டு அவையோர் வியந்தனர்.

இடையில் மற்றொரு துன்பம் நேர்ந்தது. பாஸ்டருக்கென அரசாங்கத்தார் புதிய ஆராய்ச்சிச்சாலை ஒன்று கட்டுவிக்கத் தொடங்கியிருந்தனர். அவர் பிழையார் என்ற செய்தி பரவவே கட்டடவேலை நிறுத்தப்பட்டது. நோயாளி வேலை எவ்வளவு நடந்தது என வினவும்போதெல்லாம் வீட்டார் மறுமொழி கூறாது மழுப்பினர். நாளடைவில் அவர் உண்மையை உணர்ந்தார். தம்மை உலகம் உயிருடன் புதைத்துவிட்டது என்ற எண்ணம் பக்கவாதத்தினும் கொடியதாய் அவரைத் தாக்கியது. நண்பர் வாயிலாக இச்செய்தி பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு எட்டவே, வேலையைத் தொடருமாறு ஆணை பிறந்தது. கட்டடத்தின் சுவர்கள் எழ எழ நோயாளியின் மனமும் எழுந்தது. நோயுற்றோர்க்கு மருந்து வேண்டும், உணவு வேண்டும். அவற்றோடு, நீ மீள்வாய் எனக் காத்திருக்கின்றோம் என்னும் ஓர் அடையாளமும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

சில வாரங்கள் சென்றபின் படுக்கையினின்று நாற்காலிக்கு மாறினார். வீட்டார் அவருக்கு நூல்கள் படித்துக் காட்டினர். பாஸ்கல் என்னும் பேரறிஞரின் சிந்தனைகள் அவற்றுள் ஒன்று. பிறர் தோளைப் பற்றி நடக்கப் பழகினார். நடை திருந்துமுன்னரே பயணம் செல்லவேண்டும் என்றார்! புழு வளர்ப்புக் காலம் நெருங்குகின்றது. இவ்வாண்டு தவறின் மாற்றார் கூற்றே நிலைபெறும் என்பது அவர் கவலை.

வீட்டார்க்கு இது பெருஞ்சோதனை. தடுத்தால் உடல் பிழைக்கும், உள்ளம் மடியும். விட்டால் உள்ளம் பிழைக்கும், உடலுக்கு என்னாகுமோ யாரறிவர்? மாரி அம்மையார் முன்னர்க் கழகத்தின் வாயில்வரை செய்ததையே இப்போதும் செய்தார். தடுக்கவில்லை, உடன் சென்றார். 1869 ஜனவரியில், நோயுற்று மூன்று மாதமே ஆகியிருந்த நிலையில், அம்மையாரும் மகளும் மாணாக்கர் ழெர்னேயும் அவரைப் புகைவண்டியில் ஏற்றித் தெற்கே கொண்டுசென்றனர். சாந் இப்போலித் என்னும் ஊரிற் கிடைத்த வீடு குளிர் மிகுந்தது, வசதியற்றது. அங்கே ஒருநாள் அவர் கல்தரையில் வீழ்ந்து வருந்தவும் நேர்ந்தது. ஆயினும் ஆராய்ச்சி நின்றிலது. நாற்காலியில் அமர்ந்தபடி அவர் சொல்லுவார், பிறர் செய்வர். அவர் கண், பிறர் கை.

அவ்வாண்டு நவம்பரில், திரியெஸ்தே நகரின் அண்மையில் அரசகுடும்பத்தார்க்கு உரியதாயிருந்த விலா விசெந்தினா என்னும் பண்ணைக்கு அழைக்கப்பெற்றுக் குடும்பத்துடன் சென்றார். பட்டுப்புழு நோயால் நெடுநாள் வருவாய் இழந்திருந்த அப்பண்ணை, அவர் முறையைக் கையாண்டு 1870-இல் ஆதாயம் கண்டது. அங்கே தங்கியிருந்த மாதங்களில் அவர் சொல்ல அம்மையார் எழுத, பட்டுப்புழு நோய்களைப் பற்றிய பெருநூல் முடிவெய்தி அவ்வாண்டிலேயே இரு பகுதிகளாக வெளிவந்தது.

தாங்கப்பட்டவர் தாங்கியது

1870-இல் பிரான்சுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. மகன் ழான் பாப்டிஸ்ட் படையிற் சேர்ந்தான். 1871 ஜனவரியில் அவனிருந்த சேனை தோற்றுப் பனியினூடே சுவிட்சர்லாந்து எல்லையை நோக்கிச் சிதறி ஓடியது. மகனைப்பற்றிய செய்தி யாதுமில்லை. ஆர்புவாவில் இருந்த பாஸ்டர், மனைவியையும் மகளையும் உடன்கொண்டு, பழைய வண்டியொன்றில் ஏறிப் பனி மூடிய மலைவழியே மகனைத் தேடிப் புறப்பட்டார். வழியெங்கும் உறைபனியில் கால் வெடித்துப் பசியால் வாடிய வீரர்கள்; அவர்களை நிறுத்தி நிறுத்தி வினவினர். முடிவிற் பொந்தார்லியே என்னும் ஊரின்கண் மகனைக் கண்டெடுத்தனர். ஈராண்டுகட்குமுன் எவரைப் பிறர் தோள்மீது தாங்கி நடத்தினரோ அவரே, ஊன்றியும் இழுத்தும் நடந்து சென்று மகனைத் தாங்கினார்.

பாஸ்டரின் பெயரை இன்று உலகம் எதனால் அறிகின்றது? அடைப்பான் நோய்க்கு 1881-இல் ஆடுமாடுகளுக்கு இட்ட தடுப்பூசியாலும், 1885 ஜூலை 6-ஆம் நாள் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குத் தொடங்கிய சிகிச்சையாலும் அன்றோ? இவை யாவும் 1868-க்குப் பின்னர் நிகழ்ந்தவை. அப்படுக்கையினின்று அவர் எழாதிருந்தால் இவை அவர் கையில் நிகழ்ந்திரா. கையில் என்றோம், உண்மையில் இடக்கை இறுதிவரை செம்மையுறவில்லை, இடக்கால் இழுத்தே நடந்தார். நுண்ணிய சோதனைகளை மாணாக்கரின் கைகளே செய்தன. மெய்ஸ்டருக்கு ஊசியிட்டதும் மருத்துவர் கிராங்ஷே என்பவர் கையே. அச்சிறுவன் பிழைப்பானோ என உறக்கமற்றுப் புரண்ட இரவுகளில் பாஸ்டரின் அருகிருந்தவர் மாரி அம்மையார். அவ்விரவுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே.

விசுவாசம் என்பது

பாஸ்டரின் சமயப்பற்றைக் குறித்துப் பல கதைகள் வழங்குகின்றன. புகைவண்டியில் ஜெபமாலை உருட்டினார் என்பது போன்றவற்றிற்கு ஆதாரமில்லை; அவை நமக்கு வேண்டா. 1882-இல் பிரெஞ்சுக் கல்விக் கழகத்தில் ஆற்றிய உரையில், எல்லையற்றதாகிய ஒன்றை மனித உள்ளத்தினின்று விலக்கமுடியாது என்னும் கருத்தை அவர் வெளிப்படக் கூறினார் என்பது மட்டும் உறுதி. ஆயினும் இவ்வரலாற்றில் விசுவாசத்தை யாம் காண்பது அவ்வுரையில் அன்று. அவர் இல்லத்தாரின் செயலில்.

சுவிசேஷத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து சென்று, கூட்டத்தால் வாயில் அடைபட்டிருக்கக் கண்டு, கூரையைப் பிரித்து ஆண்டவர்முன் இறக்கிய வரலாற்றை நாம் அறிவோம். படுத்திருந்தவன் ஒரு சொல்லும் சொன்னதாக அவ்விடத்து இல்லை. சுமந்தவரின் விசுவாசத்தை ஆண்டவர் கண்டார் என்றே எழுதப்பட்டிருக்கின்றது. விசுவாசம் என்பது கண்ணால் காணக்கூடியதாக அங்கு இருந்தது. அது தோளில் இருந்தது, கூரை பிரித்த விரல்களில் இருந்தது. மாரி அம்மையாரின் விசுவாசமும் அத்தகையதே.

ஒரு வேறுபாடும் உண்டு. அத்திமிர்வாதக்காரன் படுக்கையை எடுத்துக்கொண்டு நடந்துபோனான். பாஸ்டர் முற்றும் குணமடையவில்லை. ஆகவே அக்குடும்பத்தாரின் விசுவாசம் தோற்றதெனலாமோ? ஆகாது. மூன்று மகவுகளை அடக்கம் செய்தபின்னும் வேண்டுதலைக் கைவிடாத தாய், பலன் கண்டு நம்பியவள் அல்லள். நலம் என்பது பழைய உடல் திரும்பக் கிடைத்தல் மட்டும் அன்று. எஞ்சிய உடலைக்கொண்டு தன் கடமையைச் செய்யும் ஆற்றல் கிடைத்தலும் நலமே. அந்நலம் அவருக்கு இருபத்தேழு ஆண்டுகள் அருளப்பட்டது.

1887-இல் மீண்டும் வாதம் தாக்கிப் பேச்சுத் தளர்ந்தது. மறு ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பாரிசில் அவர் பெயரால் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டபோது, உணர்ச்சி மிகுதியால் அவர் பேச இயலாராக, அவர் எழுதிய உரையை மகன் ழான் பாப்டிஸ்ட் எழுந்து படித்தார். அறைவாயிலில் நடுங்கி நின்ற பதினாறு வயதுச் சிறுவன், தந்தைக்கு நாவாக நின்ற காட்சி அது. 1895 செப்டம்பர் 28-ஆம் நாள், ஒரு கை மனைவியின் கையிலும் மற்றொரு கையிற் சிலுவையுமாக, பாஸ்டர் அமைதியாய் உயிர் நீத்தார். அந்நிலையத்தின் நிலவறையில் அவர் உடல் அடக்கம் பெற்றது. 1910-இல் மாரி அம்மையாரும் அவ்விடத்தே அவரோடு சேர்க்கப்பெற்றார். அவ்வறையின் மேற்கவிகையில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, விஞ்ஞானம் என்னும் நான்கும் நான்கு தேவதூதராக அமைக்கப்பட்டுள்ளன.

நம் நாட்டு நீலகிரிமலையில், குன்னூரில் 1907-இல் அவர் பெயரால் அமைந்த நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அந்நிலையத்தின் பெயர்ப்பலகையை நோக்குவோர் பாஸ்டர் ஒருவரையே நினைப்பர். படித்து முடித்த நாமேனும் அப்பெயரின் பின்னே நின்ற மனைவியையும் மகளையும் மகனையும் மாணாக்கரையும் உடன் நினைப்போமாக.

மாணவ நண்பர்களே! நம்முள் சிலருடைய வீடுகளிலும் தந்தையர் நோய்ப்படுக்கையில் இருத்தல் கூடும். விடுமுறையில் வீடு சென்று, மருந்துக் குப்பிகளினிடையே என் செய்வதென அறியாது நிற்போர் இருத்தல் கூடும். பெருஞ்செயல் வேண்டுவதில்லை. பத்து வயது மாரி லுயீஸ் இலை பறித்தாள். ழெர்னே இரவில் விழித்திருந்து எழுதினார். அம்மையார் வாயில்வரை உடன் நடந்தார். தோள் கொடுத்தலே நமக்கு இடப்பட்ட பணி. எழுப்புதல் இறைவன் செயல்.